மோட்டார் வண்டியின் ஓசை ஆராய்ச்சி

ஒலிக்குறிப்புச் சொற்களில் வறுமையுற்ற மொழி அன்று நம் தமிழ். கடகட, மடமட, லொடலொட, நறநற எனப் பிரித்தாற் பொருள்படாது இரட்டித்தே நிற்கும் சொற்களுக்கு இரட்டைக்கிளவி எனப் பெயர் தந்து, தொல்காப்பியனார் தம் கிளவியாக்கத்தில் இடம் வகுத்தார். நன்னூலாரும் அவ்வழியே சென்றார். இத்துணைச் செல்வம் இருந்தும், இராசபாளையத்துக் கார்ப்பட்டறை ஒன்றின் வாயிலில் அரைநாள் நின்று கேட்பின், வருவார் பலரும் "வண்டியில சத்தம் வருது" என்னும் ஒரு தொடரையே சொல்லிச் சாவியை நீட்டக் காணலாம். எவ்வகை ஓசை, எப்பொழுது எழுவது, எப்பொழுது அடங்குவது என்பன கூறப்படுவதில்லை. விளங்காத எக்காளத்தைக் குறித்துப் பவுலடிகள் கொரிந்தியர்க்கு எழுதியது அவ்விடத்தே நினைவுக்கு வரும். வீண் செலவு தொடங்குவதும் அவ்விடத்தேதான்.

ஓசையைச் சரிவரப் பெயரிட்டுக் கூறுதல் பழுதை அறிதற்குப் பாதி வழி என்பதே யாம் ஈண்டு உரைக்க விழைவது. மற்றைப் பாதி, அவ்வோசையை வேண்டும்போது எழுப்பவும் வேண்டாதபோது அடக்கவும் வல்ல சோதனையாகும். மருத்துவ உலகில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. பிரெஞ்சு நாட்டு மருத்துவராகிய லென்னெக் என்பார் 1816ஆம் ஆண்டு, சுருட்டிய தாளொன்றை நோயுற்றார் மார்பில் வைத்துக் கேட்டு, பின்னர் அதனையே மரக்குழலாகச் செய்தார். அவர் செய்த தொண்டு குழலைக் கண்டதோடு நின்றிலது. கேட்ட ஓசைகளுக்குத் தனித்தனியே பெயரிட்டு, இன்ன ஓசைக்கு இன்ன நோய் எனப் பொருத்தி, 1819ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். குழலினும் அப்பெயர்களே மருத்துவர்க்குப் பெரிதும் பயன்பட்டன என்பது எம் துணிபு.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார் உளராயின், அவர்க்கு விடை எளிது. நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றில் கார் என்பது, பிறர் பல்லாண்டு ஓட்டிய பின்னர் விலைக்கு வந்ததே. அதிலேதான் பாட்டியார் மருத்துவமனைக்குச் செல்கின்றார். அதிலேதான் குழந்தைகள் உறங்கிக்கொண்டு வருகின்றனர். சக்கரத்தை உடலோடு பிணிக்கும் உறுப்புக்கள் அனைத்தும் தரைக்கும் வண்டிக்கும் இடையே கண்ணுக்கு மறைந்துள்ளன. அவை தம் தளர்ச்சியை நமக்கு அறிவித்தற்கு ஓசையன்றி வேறு வாய் பெரும்பாலும் இல்லை.

இனி அவ்வுறுப்புக்களைச் சிறிது காண்போம். நம் முன்னோர் ஊர்ந்த கட்டை வண்டியில் அச்சுக்கும் பாரத்துக்கும் இடையே யாதும் இல்லை. வழியின் மேடுபள்ளம் முழுவதும் ஊர்வார் முதுகெலும்பையே சேர்ந்தது. பின்னர் வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி அச்சின்மேல் அமைத்தபொழுது, அவை வில்லை ஒத்து வளைந்திருந்தமையின் அவ்வண்டி வில்வண்டி எனப் பெயர் பெற்றது. (ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரில் உள்ள வில்லி வேறு, அவ்வூரை அமைத்த வேடர் தலைவன் பெயர் அது என்பர்.) ஸ்பிரிங் என்பதற்கு நாட்டுமக்கள் தாமே கண்ட இச்சொல்லினும் நல்ல சொல் வேண்டா என்பது எம் கருத்து. 2014ஆம் ஆண்டு உற்பத்தி நின்ற அம்பாசிடர் காரின் பின்புறத்தில் இறுதிவரை இப்பட்டை வில்லே இருந்தது.

வில் மட்டும் இருப்பின் போதாது. ஒருமுறை அழுந்திய வில் பலமுறை ஏறி இறங்கும். அவ்வாட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் குழலினுள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்குண்டு செல்ல, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் கழிகின்றது. ஆகவே, சாலையின் அதிர்ச்சியைத் தாங்குவது வில். வில்லின் ஆட்டத்தை ஒடுக்குவதே ஷாக் அப்சார்பரின் தொழில். பெயர் பொருளோடு பொருந்தாமையால் விளைந்த கேடு ஈண்டு ஒன்று உண்டு. அதிர்ச்சி என்றதும் அப்பெயரே நாவில் வருதலின், எவ்வகை ஓசைக்கும் முதற் பழி அவ்வுறுப்பின்மேல் விழுகின்றது.

1983ஆம் ஆண்டு வெளிவந்த மாருதி 800 முதலாக, நம் நாட்டுச் சிறு கார்கள் பெரும்பாலனவற்றின் முன்புறத்தில் சுருள் வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றிய தூண்போன்ற ஸ்டிரட் என்னும் அமைப்பைக் காணலாம். அமெரிக்கப் பொறியாளர் எர்ல் மெக்ஃபர்சன் பெயரால் வழங்கும் இவ்வமைப்பு, 1950ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல் காரினால் பலர்க்கும் அறிமுகமாயிற்று. ஸ்டிரட்டின் தலை, வண்டியின் உடலில் ஒரு ரப்பர் இருக்கையிற் பொருந்தும். அதன் அடி லோயர் ஆர்ம் என்னும் கையோடு பால் ஜாயின்ட்டாற் பிணிக்கப்படும். அக்கையின் வேர் ரப்பர் புஷ்களில் அசையும். இவையன்றி, வளைவில் வண்டி ஒருபுறம் சாயாதவாறு இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி ஒன்றும், அதன் இரு முனைகளையும் பற்றும் லிங்க் என்னும் சிறு கோல்களும் பெரும்பாலான கார்களில் உண்டு. இவற்றுள் எது தளர்ந்தாலும் ஓசை எழும். ஆயின் ஒவ்வொன்றும் வெவ்வேறு வேளையில் எழுப்பும். அவ்வேளையே நமக்குத் துப்பாவது.

ஓசை கேட்டவுடன் முதற்கண் அதன் தாளத்தை நோக்குக. சிறு காரின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.7 மீட்டர் செல்லும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு மூன்று முறைக்குச் சற்று மிகுதியாகச் சுழலும். ஓசை அவ்வளவிற்கு ஒழுங்காக எண்ணி வந்து, வேகம் மிக மிகத் தானும் விரையுமாயின், அது சுழலும் உறுப்பொன்றின் ஓசை, வில்லமைப்பைச் சாராது. வண்டி நிற்கையிலும் எஞ்சினின் ஓட்டத்தோடு ஏறி இறங்குமாயின், எஞ்சினையும் அதன் தாங்கிகளையும் நோக்க வேண்டும். இவ்விரண்டும் இன்றி, சாலையின் மேடுபள்ளத்திற்கும், வளைவிற்கும், பிரேக் மிதிப்பதற்கும் ஏற்பத் தாளமின்றி எழுவதே நாம் தேடும் ஓசை.

இதனைக் கேட்டறிய நெடுவழி செல்ல வேண்டுவதில்லை. இராசபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்லும் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவான வழியே போதும். அது திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744இன் ஒரு பகுதி. அந்நெடுஞ்சாலையின் சமதளத்தில் வில்லமைப்பு பெரும்பாலும் வாய் திறவாது; அங்கே "உம்ம்" என நீண்டு, வேகத்தோடு உயரும் முழக்கம் கேட்பின் வீல் பேரிங்கையோ டயரையோ ஐயுறலாம். ஊர்த் தெருக்களிற் புகுந்து, சிறு குழிகளும் ஒட்டுக்களும் நிறைந்த தரையில் மெல்லச் செல்கையில்தான் லிங்கும் புஷ்ஷும் பேசத் தொடங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளின் மூலைகளில் வளைகையில் பால் ஜாயின்ட்டும் ஆக்சில் ஜாயின்ட்டும் வெளிப்படும். அம்மூலைகளின் அருமையை ஆடிப்பூரத்தன்று அவ்வழி இழுக்கப்படும் ஆண்டாள் தேரைக் கண்டோர் நன்கறிவர். தமிழகத்துப் பெருந்தேர்களுள் ஒன்றாகிய அதற்கு வில் இல்லை. சக்கரத்தின் கீழ்க் கட்டையிட்டுத் திருப்புவோர் அதன் மரங்கள் முனகுதலைக் கேட்டே பாரம் எப்பக்கம் சாய்கின்றது என உணர்வர் போலும்.

இவற்றுள் லிங்கின் ஓசையைச் சற்று விரித்துக் கூறுதல் தகும்; பலரை ஏமாற்றுவது அதுவே. எம் பெரியப்பாவின் காரில் முன்புறத்து இடப்பக்கம் லொடலொட என ஓர் ஓசை எழலாயிற்று. பட்டறை ஒன்றில் முன்புறத்து ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினர். பல ஆயிரம் ரூபாய் செலவாயிற்று. ஓசையோ இருந்தவாறே இருந்தது. பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூரில் முதியவர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினர். அவர் வண்டியின் அடியில் நோக்குமுன், "அண்ணாச்சி, ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி எறங்கும்போது கேக்குதா?" என ஒரு வினாவை மட்டும் வினவினார். பெரியப்பா சிறிது எண்ணி, "அதுல கேக்கலியே, சின்னக் குழியிலதான் கேக்குது" என்றார். முதியவர் உடனே வண்டியைத் தாமே ஓட்டிச் சென்று, அருகிருந்த வேகத்தடையை முதலில் நேராகக் கடந்தார், ஓசை இல்லை. மீண்டும் வந்து, ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாக ஏறும்படி அதனைச் சாய்வாகக் கடந்தார், லொடலொட என்றது. "லிங்க் போயிருச்சு" என்றார். அதனை மாற்றுதற்கு முன்னைச் செலவில் பத்தில் ஒரு பங்கே ஆயிற்று. ஓசை அன்றே ஒழிந்தது.

அவ்வினாவின் நுட்பம் யாதெனின், ஸ்டெபிலைசர் கம்பி முறுக்குண்பது இரு சக்கரங்களும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும்பொழுதே. இரண்டும் ஒருங்கே ஏறினால் கம்பி முறுக்கின்றித் தன் புஷ்களில் வெறுமனே திரும்பும். லிங்கின்மேல் விசை மிகச் சிறிது. ஒன்று ஏறி மற்றது இறங்கின் கம்பி முறுக்குண்டு லிங்கை மேலும் கீழும் தள்ளும். அதன் முனையிலுள்ள குமிழ் தேய்ந்திருப்பின் அவ்விடைவெளியில் தட்டுண்டு ஒலிக்கும். ஷாக் அப்சார்பரின் பழுதாயின் நேராகக் கடக்கையிலும் அது தன்னைக் காட்டியிருக்கும். ஒரே வேகத்தடையை இருவகையாகக் கடந்து இரு உறுப்புக்களைப் பிரித்தறிந்த அம்முறையை, இலக்கணத்தில் ஒரு சொல்லை இருவேறு தொடர்களில் வைத்து அதன் இயல்பு காணும் முறையோடு ஒப்பிடாதிருக்க எம்மால் இயலவில்லை.

ஷாக் அப்சார்பர் உண்மையிலேயே கெட்டிருப்பின் குறிகள் வேறு. பெருங்குழியில் விழுங்கால் 'தொம்' என ஓர் அடி கேட்கும்; அதன் பின்னும் வண்டி படகுபோல் இரண்டு மூன்று முறை ஆடும். குழலின் புறத்தே எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கும். வண்டியின் மூலையை அழுத்தி விட்டால் ஒருமுறை எழுந்து நிற்பதே நலமுடையதற்கு அடையாளம். எனினும் இச்சோதனை பெரும்பழுதை மட்டுமே காட்டும், சிறு தளர்ச்சியைக் காட்டாது. வண்டி ஒரு மூலையில் தாழ்ந்து நிற்குமாயின் சுருள் வில் ஒடிந்துள்ளதா எனவும் பார்க்க வேண்டும்.

மெல்லச் செல்கையில் பிரேக்கை மிதித்தவுடன் 'டொக்' என ஒருமுறையும், மீண்டும் புறப்படுகையில் ஒருமுறையும் கேட்பின், லோயர் ஆர்மின் புஷ் கிழிந்தது எனக் கொள்ளலாம். பிரேக் பிடிக்குங்கால் தரை சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தலும், புறப்படுகையில் அது முன்னுக்குச் செல்லுதலுமே காரணம். வண்டி நின்றிருக்கையில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டங்' என வீணை நரம்பு தெறித்தாற்போல் ஒலிப்பது ஸ்டிரட்டின் தலையிலுள்ள பேரிங் இறுகியமையால். வில் திரும்ப இயலாது முறுகி, பின் ஒருங்கே விடுபடுகின்றது. ஸ்டியரிங்கை முழுதும் வளைத்து ஓட்டுகையில் மட்டும் 'கடக் கடக்' எனச் சக்கரத்தின் தாளத்தோடு வருவது ஆக்சில் ஜாயின்ட். அது வில்லமைப்பின் இனம் அன்று.

அச்சந்தரத் தக்கது பால் ஜாயின்ட் ஒன்றே. மனிதர் தோள்மூட்டை ஒத்த இதனுள் எஃகுக் குமிழ் ஒன்று கிண்ணத்தில் அசையும். அதனை மூடிய ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். புழுதியும் நீரும் உட்புகும். குமிழ் விரைந்து தேயும். முதலில் குழியிலும் வளைவிலும் 'டக்' என்னும் சிறு ஓசை எழும். ஸ்டியரிங்கும் சிறிது நெகிழ்ந்து தோன்றும். அதனைப் பொருட்படுத்தாது ஓட்டிக்கொண்டேயிருப்பின் ஒருநாள் குமிழ் கிண்ணத்தினின்றும் கழன்று, சக்கரம் புறத்தே மடிந்து விழும். அதன் பின்னர் ஓட்டுவார் கையில் யாதும் இல்லை. லிங்கின் லொடலொட ஓசையோடு ஒரு மாதம் ஓட்டலாம்; பால் ஜாயின்ட்டை ஐயுற்றபின் பட்டறைக்கன்றி வேறிடத்திற்கு ஓட்டலாகாது.

அதனைச் சோதிக்கும் முறை வருமாறு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் இருத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியிற் புகலாகாது. பின்னர்ச் சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரு கைகளாற் பற்றி உள்ளும் புறமும் அசைக்க வேண்டும். தளர்ச்சி தோன்றின், மற்றொருவரைப் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைக்க. அப்பொழுது தளர்ச்சி மறையுமாயின் பழுது வீல் பேரிங்கில் உள்ளது. மறையாது நிற்குமாயின் பால் ஜாயின்ட்டையே நோக்குக. இடவலமாகப் பற்றி அசைக்கையில் மட்டும் தளர்ச்சி காணின் அது டை ராடின் முனை. அதுவும் பொறுக்கத்தக்கது அன்று. இச்சோதனையிற் காதினும் கை நம்பத்தக்கது. வண்டியின் உடல் முழுவதும் இரும்பாதலின் வலப்பக்கத்து ஓசை இடப்பக்கம் எழுந்ததுபோல் கேட்கும். ஐயுற்ற உறுப்பின்மேல் விரலை வைத்திருக்கப் பிறர் அசைத்தால், தட்டு எங்கே பிறக்கின்றது என்பதை விரல் உடனே காட்டும். விரல் நசுங்கத்தக்க இடங்களையும் வில்லின் சுருள்களின் இடையையும் மட்டும் விலக்குக.

கீச்சுக் கீச்சு என எலிக்குஞ்சு கத்துவதுபோலும் ஓசை பெரும்பாலும் வறண்ட ரப்பரின் ஓசை. வெயிற்காலத்தில் மிகும், மழை நாளில் ஒழியும். அம்மழையையே சோதனையாகக் கொள்ளலாம். புஷ்களுள் ஒன்றின்மேல் மட்டும் நீரைத் தெளித்து வண்டியை அழுத்துக. ஓசை நில்லாவிடில் அடுத்ததன்மேல் தெளிக்க. நின்ற இடமே குற்றமுடைய இடம். நீருக்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயையோ கிரீஸையோ பூசும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. ஓசை ஒரு வாரம் அடங்கும் என்பது மெய்யே. ஆயின் அவ்வெண்ணெய் இயற்கை ரப்பரை ஊறச் செய்து மெலிவிக்கும். பட்டை வில்லின் இரும்புப் பட்டைகளுக்கு இடையே கிரீஸ் இடுதல் பழைய வழக்கு; அதனைக் கண்டு ரப்பருக்கும் இட்டனர் போலும்.

இத்துணையும் செய்யுமுன், செலவில்லாத சோதனைகள் சில உள. டிக்கியில் உள்ள ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி ஆகியவற்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுக. இருக்கையின் கீழ் உருளும் தண்ணீர்ப் புட்டியையும், கதவில் தட்டும் பெல்ட்டின் கொக்கியையும் நோக்குக. கரடான தெருவிற் செல்கையில் பிரேக்கை மெல்லத் தொட்ட அளவில் ஓசை நின்றுவிடின், அது பிரேக் பேடு ஆடும் ஓசை, வில்லமைப்பு குற்றமற்றது. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்தும் இவ்வாறே ஒலிக்கும். எஞ்சினை அணைத்துக் குளிர்ந்தபின் அதனைக் கையால் ஆட்டினால் விளங்கும்.

பட்டறைக்குச் செல்லுங்கால் இவற்றைத் தாளில் எழுதிச் செல்லுதல் நன்று. "முன்புறம் இடப்பக்கம் என்று தோன்றுகிறது, லொடலொட, சிறு குழியில் மட்டும், வேகத்தடையில் இல்லை, பிரேக் தொட்டாலும் நிற்பதில்லை" என ஐந்து குறிப்புக்கள் போதும். இயலுமாயின் மெக்கானிக்கை உடன் ஏற்றிக்கொண்டு, ஓசை எழும் தெருவிலேயே ஓட்டிக் காட்டுக. பட்டறையின் வழவழப்பான தரையில் நின்ற வண்டி எக்குற்றத்தையும் ஒப்புக்கொள்ளாது.

உறுப்பை மாற்றிய பின்னரும் கவனிக்கத்தக்கன இரண்டு. ஷாக் அப்சார்பரை மாற்றின் ஒரே அச்சின் இரு பக்கமும் மாற்றுக. லோயர் ஆர்மோ டை ராடோ ஸ்டிரட்டோ மாற்றப்பட்டிருப்பின் சக்கரங்களின் நேர்மையை அலைன்மென்ட் கருவியிற் பார்த்துக்கொள்க. இன்றேல் டயர் ஒருபுறமாகத் தேயும். இரண்டாவது பலரும் அறியாதது. ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கையில் முற்றும் முடுக்கலாகாது. அவ்வாறு முடுக்கின் ரப்பர் அந்நிலையிலேயே பிணிப்புண்டு, வண்டி தரையிறங்கியவுடன் முறுகும். அம்முறுக்கோடே எந்நாளும் ஓடி விரைவிற் கிழியும். போல்ட்டை முதலில் தளர்வாகவே பொருத்தி, வண்டியின் பாரம் முழுவதும் சக்கரங்களின்மேல் வந்த பின்னரே இறுதியாக முடுக்கல் வேண்டும். புதிய புஷ் சில மாதங்களில் மீண்டும் 'டொக்' என்னுமாயின், மெக்கானிக்கிடம் முதலில் கேட்கத் தக்கது இதுவே.